‘ரெடி’ காட்டிய பின்னும் நின்ற பிரிண்டர்: திருப்பூர் லேபிள் அறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் பேக்கிங் பிரிவை ஒட்டிச் சிறிய லேபிள் அறை ஒன்று இருக்கிறது. அங்கே, ரிப்பனில் உள்ள மசியைச் சூட்டால் உருக்கிப் பதிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் வகையைச் சேர்ந்த இரண்டு தொழிற்சாலைப் பிரிண்டர்கள் ஓடுகின்றன. ஒன்று சாட்டின் துணி ரோலில், துவைக்கும் முறையைச் சொல்லும் வாஷ்கேர் லேபிள் அடிக்கிறது; மற்றது பாலிபேக் மீது ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கிறது. இந்த ஆய்வு முக்கியமாக இரண்டாவது பிரிண்டரைப் பற்றியது. அதன் ஹெட் (சூடேறி அச்சிடும் பகுதி) 300 டி.பி.ஐ. வகை. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 12 புள்ளிகள் வீதம் 104 மி.மீ. அகலத்தில் 1,248 சூடேறும் புள்ளிகள் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. ஒட்டப்படும் ஸ்டிக்கர் 50 மி.மீ. அகலமும் 75 மி.மீ. நீளமும் கொண்டது, அதில் பையர் (ஆடையை வாங்கும் நிறுவனம்) கொடுத்த வடிவமைப்பின்படி, 13 இலக்கப் பொருள் எண்ணைத் தாங்கும் ஒரு ஈ.ஏ.என்.-13 பார்கோடும் ஸ்டைல், சைஸ், கலர் விவரங்களும் வருகின்றன.

புகார்கள் இரண்டு. முதலாவது, காலையில் சுவிட்ச் போட்டால் பிரிண்டர் தன் பரிசோதனைகளை எல்லாம் முடித்து ‘ரெடி’ என்று காட்டும்; வேலை கொடுத்துச் சில மீட்டர் ஓடியதும், ரோல் முழுதாக இருக்கும்போதே ‘பேப்பர் இல்லை’ என்று சிவப்பு விளக்குப் போட்டு நின்றுவிடும். “காலையில மட்டும்தானுங்க அடம் பிடிக்குது. ரெண்டு தரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பேச்சு மூச்சு இல்லாம ஓடுதுங்க” என்பது அந்தப் பிரிண்டரை நெடுநாளாக ஓட்டிவரும் பணியாளரின் வாக்குமூலம். இந்த ஒரு வாக்கியத்தில் நோயின் முக்கால் பங்கு அடங்கியிருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

இரண்டாவது புகார் வெளியிலிருந்து வந்தது. தூத்துக்குடிக்கு அனுப்பத் தயாராக இருந்த கார்ட்டன்களில் சிலவற்றைத் திறந்து பார்த்த ஆய்வாளர், ஸ்டிக்கர்களின் பார்கோடு தரம் போதவில்லை என்று நிறுத்திவிட்டார். பேக்கிங் பிரிவில் இருக்கும் கை ஸ்கேனர் அதே ஸ்டிக்கர்களைப் பெரும்பாலும் படித்தது. ஆய்வாளரின் தர அளவீட்டுக் கருவி மட்டும் ஏற்கவில்லை. இங்கே படிக்கிறதே, அங்கே ஏன் ஏற்கவில்லை என்ற கேள்வி அலுவலகத்தில் பெரிதாக எழுந்தது.

பழுதைப் பார்க்க எங்களை அழைப்பதற்கு முன்பே நிறுவனத்தார் சில காரியங்களைச் செய்திருந்தனர். காலையில் பவர் டேபிள்கள் (தையல் இயந்திரங்கள்) எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் விழுகிறது என்று கருதி ஒரு ஸ்டெபிலைசர் வைத்தார்கள், பலன் இல்லை. பார்கோடு வெளிறித் தெரிகிறது என்று அச்சின் கருமையைக் கூட்டிவைத்தார்கள். அது கேட்டைக் குறைக்கவில்லை, கூட்டியது. இரண்டு புகார்களையும் ஒரே நோயாகக் கருதி, பிரிண்டரின் மின்னணுப் பலகையான ‘போர்டு’ போய்விட்டது என்ற முடிவுக்கு அவர்கள் வந்திருந்தார்கள். போர்டு விலையைக் கேட்ட பிறகே வேறு யோசனை தேவைப்பட்டது.

சுவிட்ச் போட்டது முதல் ‘ரெடி’ வரை

பிரிண்டர் எந்தக் கட்டத்தில் எதைச் சோதிக்கிறது என்பது தெளிவானால்தான், எந்தக் குறையை அது கண்டிருக்க வேண்டும், எதை அது ஒருபோதும் காணாது என்று பிரித்துச் சொல்ல முடியும். ஆகவே அந்த வரிசையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் மின்வழங்கி விழித்துக்கொள்கிறது. இத்தகைய பிரிண்டர்களில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்று, மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் 24 வோல்ட்டும் மின்னணுப் பகுதிக்கு 5 வோல்ட், 3.3 வோல்ட் போன்ற சிறிய அழுத்தங்களும் தருகிறது. இவை நிலைப்படும் வரை செயலி நிறுத்திவைக்கப்படும். மின்சாரம்தான் காரணமாக இருந்தால் பிரிண்டர் பாதியில் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ‘பேப்பர் இல்லை’ என்று நிதானமாகப் புகார் சொல்லிக்கொண்டு நிற்காது. ஸ்டெபிலைசர் பற்றிய விவாதத்தை இந்த ஒரு காரணத்தாலேயே முடித்துவிட்டோம்.

அடுத்து, செயலி தன் நிரந்தர நினைவகத்தில் உள்ள மென்பொருள் பழுதுபடாமல் இருக்கிறதா என்று கூட்டுத்தொகை சரிபார்க்கிறது; தற்காலிக நினைவகத்தில் எழுதிப் படித்துப் பார்க்கிறது; சேமித்துவைத்த அமைப்புகளை எடுத்துக்கொள்கிறது. இந்தச் சமயத்தில் முகப்பிலுள்ள விளக்குகள் எல்லாம் ஒரு கணம் ஒன்றாக எரிந்து அணையும். இதை அழகுக்காகச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு சோதனை. விளக்கு எரிகிறதா என்று பிரிண்டரால் தெரிந்துகொள்ள முடியாது. அதை எரியவிட்டு, எதிரே நிற்பவரின் கண்ணிடம் அந்தச் சோதனையை ஒப்படைக்கிறது. எச்சரிக்கை விளக்கு ஒன்று பழுதாகியிருந்தால் அதை அறிய அந்த ஒரு கணம்தான் வாய்ப்பு. லேபிள் அறையில் அந்தக் கணத்தில் யாரும் பிரிண்டரின் எதிரே நிற்பதில்லை என்பதைக் கவனித்தோம்: சுவிட்ச் போட்டுவிட்டு டீக்குப் போவது அங்கே வழக்கம்.

பிறகு சென்சார்களின் முறை. ஹெட் மூடப்பட்டுள்ளதா, ரிப்பன் இருக்கிறதா, ரோல் இருக்கிறதா, ஹெட்டின் வெப்பநிலை என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். ஹெட்டுக்குள் பதிந்திருக்கும் தெர்மிஸ்டர் வெப்பநிலையைச் சொல்கிறது. அதன் மதிப்பு நடக்கக்கூடிய எல்லைக்கு வெளியே இருந்தால் வயர் அறுந்திருக்கிறது என்று பொருள். இங்கெல்லாம் பிரிண்டர் பார்ப்பது, சென்சாரிலிருந்து வரும் மின்குறி எதிர்பார்த்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதை மட்டுமே. சென்சாரின் கண் சுத்தமாக இருக்கிறதா என்ற கேள்வி அந்தச் சோதனையில் இல்லை.

கடைசியாக, அமைப்பில் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், பிரிண்டர் சில லேபிள்களை வெறுமனே ஓட்டி, லேபிளின் நீளத்தையும் இடைவெளியின் அடையாளத்தையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. இதைத்தான் காலிபரேஷன் என்கிறோம். சுவிட்ச் போட்டதும் காலிபரேஷன் செய், நீளத்தை மட்டும் பார், ஒரே ஒரு லேபிளை ஓட்டு, எதுவும் செய்யாதே என்று வெவ்வேறு தேர்வுகள் உண்டு. இந்தப் பிரிண்டரில் முதலாவது தேர்வு இருந்தது. பல இடங்களில் அதுவே நல்ல தேர்வு. இந்த அறையில் அதுவே காலைப் புகாரின் ஊற்றுக்கண்ணாக இருந்தது.

ஹெட்டின் 1,248 புள்ளிகளும் உயிரோடு இருக்கின்றனவா என்ற சோதனை தனியானது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறிய மின்தடை. ஒன்றன்பின் ஒன்றாக அதன் வழியே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தித் தடையின் மதிப்பைப் பார்க்கலாம். இந்த வசதி பிரிண்டரில் இருந்தது, ஆனால் அமைப்பில் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஆகவே இத்தனை காலமும் ‘ரெடி’ என்ற சொல்லில் ஹெட்டின் நலம் அடங்கவே இல்லை.

காலைப் புகார்: தூசிமேல் எடுத்த அளவு

இடைவெளி காணும் சென்சாரில் இரண்டு பகுதிகள். ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி விடும் டையோடு; மறுபக்கம் அந்த ஒளியை வாங்கும் பகுதி. நடுவே ஸ்டிக்கர் ரோல் ஓடுகிறது. ஸ்டிக்கரும் அதைத் தாங்கும் அடிக்காகிதமும் சேர்ந்து வரும் இடத்தில் ஒளி குறைவாகக் கடக்கும். இரண்டு ஸ்டிக்கர்களுக்கு நடுவே அடிக்காகிதம் மட்டும் இருப்பதால் அங்கே ஒளி கூடும். ரோலே இல்லாவிட்டால் முழு ஒளியும் வந்து சேரும். இந்த மூன்று நிலைகளையும் பிரிக்கும் எல்லைக்கோடுகளை நிர்ணயிப்பதும், தேவைக்கேற்ப டையோடின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பதும் காலிபரேஷனின் வேலை.

நாங்கள் பார்த்தது ஆடி மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று கொங்கு நாட்டில் எந்த ஜன்னலையும் விட்டுவைப்பதில்லை. அதிலும் கட்டிங், செக்கிங் பிரிவுகளைக் கடந்து வரும் காற்றில் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். பிரிண்டரின் மூடியைத் திறந்து பார்த்தபோது, மேல்நோக்கிப் படுத்திருக்கும் கீழ்ச் சென்சாரின் முகத்தில் வெண்ணிறப் பஞ்சு மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. இரவில் தூசி விழாதிருக்க அவர்கள் பிரிண்டரை மூடிவைத்திருந்த துணியைப் பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. அது கட்டிங் கழிவில் வந்த பனியன் துணி. வெட்டிய ஓரங்களிலிருந்து இழை உதிர்ந்துகொண்டே இருந்தது. தூசிக்குக் காவலாக வைத்ததே தூசியை ஊட்டிக்கொண்டிருந்தது.

பிரிண்டரில் சென்சாரின் அளவுகளை வரைபடமாக அச்சிடும் வசதி உண்டு. காலையில் சுவிட்ச் போட்டதும் ஒரு வரைபடம், சில மீட்டர் ஓடி நின்ற பிறகு ஒரு வரைபடம், சென்சாரைத் தூரிகையால் சுத்தம் செய்த பிறகு ஒரு வரைபடம் என்று எடுத்து மேசையில் அடுக்கிவைத்தோம். முதல் படத்தில் டையோடின் பிரகாசம் வழக்கத்துக்கு மீறி உயர்த்தப்பட்டிருந்தது. ஸ்டிக்கருக்கும் இடைவெளிக்கும் இருந்த வித்தியாசமோ சிறியது. இரண்டாவது படத்தில் வளைகோடு முழுவதுமாக மேலே ஏறி, ஸ்டிக்கர் இருக்கும் இடங்கள்கூட இடைவெளிக்குரிய எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றன. மூன்றாவது படத்தில் பிரகாசம் குறைந்தும் வித்தியாசம் தெளிவாகவும் இருந்தன.

நடந்தது இதுதான். இரவெல்லாம் படிந்த பஞ்சின் ஊடாகக் காலையில் பிரிண்டர் அளவெடுக்கிறது. ஒளி போதாததால் பிரகாசத்தைக் கூட்டிக்கொண்டு அதற்கேற்ப எல்லைக்கோடுகளை வகுக்கிறது. சோதனை வெற்றி, ‘ரெடி’. வேலை தொடங்கியதும் ஓடும் காகிதத்தின் அடிப்பக்கம் உரசிப் பஞ்சை ஒதுக்கிவிடுகிறது. இப்போது கூட்டிவைத்த பிரகாசம் தடையின்றிப் பாய்வதால் ஸ்டிக்கரும் இடைவெளிபோலத் தெரிகிறது. நிர்ணயித்த நீளத்துக்குள் ஸ்டிக்கரே வரவில்லை என்று கருதி, ரோல் தீர்ந்துவிட்டதாகப் பிரிண்டர் அறிவிக்கிறது. தட்டில் கல் கிடக்கும்போதே தராசைச் சரிசெய்துவிட்டு, பிறகு யாரோ அந்தக் கல்லை எடுத்துவிட்டது போன்ற நிலை.

பணியாளர் ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியானது ஏன் என்பதும் இதனால் விளங்குகிறது. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் புதிய காலிபரேஷன் நடக்கிறது. இரண்டாம் முறை அது பஞ்சு ஒதுங்கிய நிலையில் நடப்பதால் அளவு சரியாக அமைந்து மாலை வரை நிலைக்கிறது. அவருடைய வைத்தியம் தவறில்லை. ஒவ்வொரு தடவையும் சில ஸ்டிக்கர்கள் வீணாயின என்பது மட்டுமே நஷ்டம். ஆனால் அந்த வைத்தியம் பலித்ததால்தான், மின்சாரக் கோளாறு, போர்டு கோளாறு என்ற சந்தேகம் வலுத்தது. அணைத்துப் போட்டால் சரியாகும் எதையும் மின்னணுக் கோளாறாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

காரணத்தை உறுதி செய்ய, சுத்தமான சென்சாரின் மேல் கட்டிங் மேசையிலிருந்து எடுத்த சிட்டிகைப் பஞ்சை வைத்துக் காலிபரேஷன் செய்தோம். பிறகு அதை ஊதிவிட்டு வேலை கொடுத்தோம். பிற்பகல் நேரம், மின்னழுத்தம் சீராக இருந்த நேரம். அதே ‘பேப்பர் இல்லை’ வந்து நின்றது. போர்டு பற்றிய பேச்சு அத்துடன் நின்றது.

இதில் வடிவமைப்பாளர்களைக் குறை சொல்வதற்கு இடம் குறைவு. நாளுக்கு நாள் ரோல் மாறும் இடங்களில் தொடங்கும்போதே அளவெடுப்பது பயனுள்ளது. ஆனால் அளவெடுக்கும் நேரத்தில் நிலவும் சூழல்தான் அன்றைய வேலை முழுவதும் நிலவும் என்ற ஓர் ஊகம் அதனுள் இருக்கிறது. பஞ்சுக்கிடங்கின் அருகே அந்த ஊகம் பலிப்பதில்லை.

வெள்ளைக் கோடுகள்: எதை எந்தச் சோதனை காட்டும்

இரண்டாவது புகாருக்குப் பிரிண்டரின் அச்சுச் சோதனையை நாடினோம். சுவிட்ச் போடும்போது முகப்பிலுள்ள ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் இது ஓடும்; எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். ஒரு வகைச் சோதனையில் அமைப்புகள் எல்லாம் பட்டியலாக அச்சாகும். மற்றொரு வகையில் வெவ்வேறு கருமை அளவுகளில் ஒரே மாதிரி அச்சாகும். அந்த மாதிரியில் ஒரு பார்கோடு ஓட்டத் திசையிலும் இன்னொன்று அதற்குக் குறுக்காகவும் இருக்கும். இதுவும் விளக்குச் சோதனையைப் போலக் கண்ணை நம்பியது: பிரிண்டர் அச்சிட்டுக் காட்டும், தான் அச்சிட்டதைத் தானே பார்க்காது.

சோதனைத் தாளில் மூன்று விதமான குறைகள் கலந்திருந்தன. அவற்றைப் பிரித்தறிவதற்குள் ஒரு பொழுது போயிற்று. ஒரு மூலையிலிருந்து சாய்வாக ஓடிய மங்கலான கோடு ரிப்பனில் சுருக்கம் விழுந்ததால் வந்தது. ஹெட்டின் அழுத்தம் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கவில்லை. திருகைச் சரிசெய்ததும் ரிப்பன் தட்டையாக ஓடி அந்தக் கோடு மறைந்தது. சீரான தொலைவுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வந்த சிறு வெள்ளைத் தழும்பு வேறு கதை. அந்தத் தொலைவை அளந்து, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் ரோலரின் சுற்றளவோடு ஒப்பிட்டதும் இரண்டும் ஒத்துப்போயின. ரோலரைத் திருப்பிப் பார்த்தால் குறுக்கே ஒரு வெட்டு. ரோலரில் ஸ்டிக்கர் சுற்றிக்கொண்டால் நூல் வெட்டும் பிளேடால் கீறி எடுப்பது அங்கே நீண்டகாலப் பழக்கம்.

பார்கோடைக் கெடுத்தது மூன்றாவது வகை. ஓட்டத் திசையில், மயிரிழை அகலத்தில், எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே இடத்தில் வந்த நேர்கோடுகள் அவை. ரோலைச் சற்று நகர்த்தி ஏற்றிப் பார்த்தபோது கோடுகள் ரோலோடு நகரவில்லை; ஹெட்டின் அதே இடத்தில் நின்றன. ஆகவே கோளாறு ஹெட்டில்தான். ஆனால் ஹெட்டில் என்ன? அழுக்கா, இறந்த புள்ளியா?

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத துணியால் துடைத்ததும் பெரும்பாலான கோடுகள் போய்விட்டன. (அதுவரை அவர்கள் துடைத்ததும் பனியன் கழிவுத் துணியால்தான்.) இரண்டு கோடுகள் மட்டும் நின்றன. அணைந்திருந்த ஹெட் சோதனையை இயக்கினோம். அது ஒரே ஒரு புள்ளியை மட்டும் இறந்ததாகச் சொன்னது. கோடு இரண்டு, இறந்த புள்ளி ஒன்று. எதை நம்புவது என்ற கேள்வி இந்த இடத்தில் எழுவது இயல்பு. ஆனால் இரண்டுமே உண்மை. மின்தடைச் சோதனைக்குப் புள்ளியின் உள்ளே மின்சாரம் ஓடுகிறதா என்பது மட்டுமே தெரியும். புள்ளியின் மேல் கருகி ஒட்டிய ரிப்பன் மசி இருந்தால் சூடு வெளியே வராது. மின்சாரமோ தாராளமாக ஓடும். ஹெட்டுக்கென்றே விற்கும் தேய்ப்புப் படலத்தை ரோலுக்குப் பதிலாக மெல்ல இழுத்துத் தேய்த்ததும் இரண்டாவது கோடு மறைந்தது. எஞ்சிய ஒன்று சோதனை சொன்ன அதே இடத்தில் நின்றது. துணியின் கண்ணிகளை எண்ண வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி அந்த இடத்தைப் பார்த்தோம்: பாதுகாப்புக் கண்ணாடிப் பூச்சின் மேல் பிளேடு நுனி போன இடம் கீறலாகத் தெரிந்தது.

ஒரே ஒரு புள்ளி இத்தனை சேதம் செய்யுமா என்று மேலாளர் கேட்டார். கணக்குச் செய்தால் தெரியும். ஈ.ஏ.என்.-13 பார்கோடின் அடிப்படை அலகு, முழு அளவில் 0.33 மி.மீ. இந்த ஹெட்டில் அது நான்கு புள்ளிகள். பார்கோடின் கம்பிகள் ஓட்டத் திசைக்கு இணையாக அச்சாகும் வடிவமைப்பில், ஓர் அலகுத் தடிமன் கொண்ட கம்பியை உச்சி முதல் அடி வரை அதே நான்கு புள்ளிகள்தான் வரைகின்றன. அவற்றில் ஒன்று இறந்தால் அந்தக் கம்பி முழு நீளத்துக்கும் கால்வாசி அகலத்தை இழக்கிறது, அல்லது நடுவில் பிளக்கிறது. மறுபடி படிக்க வேறு நல்ல இடமே அந்தக் கம்பியில் கிடையாது. ஐ.எஸ்.ஓ. 15416 என்ற தரநிலைப்படி தரம் பார்க்கும் கருவி, பார்கோடின் உயரத்தில் பத்து இடங்களில் குறுக்காகப் படித்து, அவற்றின் சராசரியைத் தரமாகத் தருகிறது. இங்கே பத்திலும் அதே ஊனம். கை ஸ்கேனருக்குத் தரம் பற்றிக் கவலை இல்லை. எண் கிடைத்தால் பீப் ஒலி எழுப்பிவிடும். படித்த ஸ்டிக்கரைக் கருவி ஏற்காததன் விளக்கம் அவ்வளவே.

கருமையைக் கூட்டிய வைத்தியம் ஏன் கெடுதல் செய்தது என்பதும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வாஷ்கேர் லேபிள் துவைப்பைத் தாங்க வேண்டியிருப்பதால் சாட்டினுக்கு ரெசின் (பிசின் மசி) ரிப்பன் போடுகிறோம். அதற்கு அதிகச் சூடு வேண்டும். காகித ஸ்டிக்கருக்குப் போடும் வேக்ஸ் (மெழுகு மசி) ரிப்பன் குறைந்த சூட்டிலேயே உருகும். காகிதப் பிரிண்டரில் சாட்டினுக்குரிய அளவு சூடு வைத்ததால் இறந்த புள்ளி உயிர்பெறவில்லை. நல்ல புள்ளிகளின் மசி பரவிக் கம்பிகள் தடித்தன, இடைவெளிகள் ஒடுங்கின, ஹெட்டின் மேல் மசி கருகியது. இரண்டாவது கோடு பிறந்தது பெரும்பாலும் இந்த வைத்தியத்தால்தான் என்பது எங்கள் கருத்து.

செய்த மாற்றங்கள்

ஷிப்மென்ட் நாள் நெருங்கிவிட்டதால், புதிய ஹெட் கோவையிலிருந்து வந்து சேரும் வரை இடைக்கால ஏற்பாடு ஒன்று தேவைப்பட்டது. முதலில் தோன்றியது, வடிவமைப்பைச் சற்று நகர்த்தி இறந்த புள்ளியைக் கம்பிகளுக்கு நடுவே உள்ள வெள்ளையில் விழச்செய்வது. ஒரே எண்ணாக இருந்தால் இது போதும். இங்கோ சைஸுக்கும் கலருக்கும் எண் மாறுகிறது, எண் மாறினால் கம்பிகளின் இடமும் மாறுகிறது. ஆகவே பார்கோடை 90 பாகை திருப்பினோம். இப்போது கம்பிகள் ஏணிப்படிகளாக ஓட்டத்துக்குக் குறுக்கே அச்சாகின்றன. இறந்த புள்ளி எல்லாப் படிகளையும் ஒரே இடத்தில் மெல்லிதாக அறுக்கிறது, எந்தப் படியின் தடிமனையும் மாற்றுவதில்லை. பத்துப் படிப்புகளில் ஒன்று அந்தக் கீறலில் விழுந்தாலும் மற்றவை தப்பின. திருப்பிய பார்கோடு ஓட்டத் திசையில் சுமார் 38 மி.மீ. இடம் கேட்டது, 75 மி.மீ. நீள ஸ்டிக்கர் என்பதால் அதற்கு இடம் இருந்தது. ஏணி அமைப்பில் வேகம் கூடினால் ஒவ்வொரு படியின் பின்விளிம்பிலும் சூட்டின் மிச்சம் இழுபடும் என்பதால் வேகத்தை விநாடிக்கு 100 மி.மீ. அளவுக்குக் குறைத்தோம். இத்தனையும் செய்தாலும் பையரின் சம்மதம் இல்லாமல் வடிவமைப்பை மாற்ற முடியாது. பையரோடு தொடர்பு வைத்திருக்கும் மெர்ச்சண்டைசர், மாதிரி ஸ்டிக்கரின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே மறு அச்சு தொடங்கியது.

புதிய ஹெட் வந்ததும் மாற்றினோம். இந்த மாடலில் ஹெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் மின்தடை மதிப்பை அமைப்பில் பதிய வேண்டும். அதை விட்டுவிட்டால் புதிய ஹெட்டுக்குப் பழைய ஹெட்டின் கணக்கில் சூடு கிடைக்கும். வெட்டுப்பட்ட ரப்பர் ரோலரும் மாற்றப்பட்டது. கருமை, காகிதத்துக்குரிய அளவுக்கு இறக்கப்பட்டது. பார்கோடு பழைய திசைக்கே திரும்பியது.

தொடக்க அமைப்பில் மூன்று மாற்றங்கள். சுவிட்ச் போட்டதும் தானாகக் காலிபரேஷன் செய்வது நிறுத்தப்பட்டு, சுத்தமான நிலையில் எடுத்த அளவே நினைவில் நிற்கிறது. ரோல் வகை மாறும்போது மட்டும் கையால் காலிபரேஷன் செய்ய வேண்டும். இது மட்டும் போதாது என்பதையும் அவர்களிடம் சொன்னோம். பஞ்சு படிந்த சென்சாரில் பழைய அளவை வைத்து ஓட்டினால் இடைவெளியும் ஸ்டிக்கராகத் தெரிந்து, பிரிண்டர் இடைவெளியைத் தேடிக்கொண்டே ஓடும். ஆகவே சுவிட்ச் போடுவதற்கு முன் தூரிகையால் சென்சாரைத் தட்டிவிடுவது அன்றாட வேலையாயிற்று. இரண்டாவதாக, ஹெட் சோதனை தொடக்கத்திலேயே ஓடும்படி இயக்கப்பட்டது. மூன்றாவதாக, காலையில் ஒரு சோதனைத் தாள் எடுத்துத் தேதியிட்டுக் கோப்பில் வைக்கிறார்கள். முந்தைய நாள் தாளோடு வைத்துப் பார்த்தால் புதிய கோடு தோன்றியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். டீ இதற்குப் பிறகுதான் என்பதில் பணியாளருக்குச் சிறு வருத்தம் உண்டு.

பனியன் துணி போய்ப் பாலித்தீன் உறை வந்தது. பிளேடுகள் அறையிலிருந்து அகற்றப்பட்டு, சிக்கிய ஸ்டிக்கரை எடுக்கப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டது. ஜன்னல் மட்டும் திறந்தே இருக்கிறது. ஆடியில் அதை அடைத்தால் அறையில் இருக்க முடியாது என்ற அவர்கள் வாதத்துக்கு எங்களிடம் பதில் இல்லை.

சாட்டின் பிரிண்டரையும் போகிற போக்கில் சோதித்தோம். அதில் ஓடுவது இடைவெளி இல்லாத தொடர் ரோல் என்பதால் காலைப் புகார் அதற்கு வரவில்லை. ஹெட் சோதனையை இயக்கியபோது ஓர் ஓரத்தில் நான்கைந்து புள்ளிகள் இறந்திருப்பதாகக் காட்டியது. குறுகிய சாட்டின் ரோல் மறு ஓரத்தை ஒட்டி ஓடுவதால் அச்சில் எந்தக் குறையும் தெரிந்ததில்லை. அந்த ஹெட்டை இப்போது மாற்ற வேண்டியதில்லை என்று முடிவு செய்து, அகலமான ரோலை ஏற்றுவதற்கு முன் ஹெட்டை மாற்ற வேண்டும் என்ற குறிப்பை இறந்த புள்ளிகளின் எண்களோடு எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்தோம்.